கடல் சாமந்திக்கு அக்கா போட்ட உப்பு

என் அக்காவுக்கு உப்பு விஷயத்தில் யாரும் புத்தி சொல்ல முடியாது. தொழிற்சாலை கேன்டீன் ஒன்றில் காலமெல்லாம் சமைத்தவள். ருசி பார்க்கவே மாட்டாள். டப்பாவுக்குள் கையை விடுவாள், ஒரு பிடி எடுப்பாள், அண்டாவைச் சுற்றி வீசுவாள், தட்டை மூடுவாள். அவ்வளவுதான். ஷிப்டுக்கு ஷிப்ட் ஆயிரம் வாய் சாப்பிட்டு எழுந்து போகும், ஒரு வாய் குறை சொல்லாது. அங்கே அவளுக்கு "கையளவு" என்றே பெயர். புதிதாகச் சேர்ந்த மேனேஜர் ஒருவர் தராசு வாங்கி வைத்தார். அக்கா அதன்மேல் கரண்டிகளைக் கவிழ்த்து வைத்தாள். மனுஷன் அதற்குப் பிறகு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆயிரம் பேருக்குப் போட்ட கை, மூன்று பேருக்குப் போட வந்தால் சும்மா இருக்குமா? அக்காவின் மகனுக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. வருஷத்தில் பாதி கடல்மேல் இருப்பான். ஆக, வீட்டில் பெரும்பாலும் அக்காவும் மருமகளும் மட்டும்தான். மருமகள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். குரலை உயர்த்த மாட்டாள், முகத்தைத் தூக்க மாட்டாள். காலையில் அடுப்பில் ஏதாவது ஏற்றிவிட்டுக் குளிக்கப் போவாள். திரும்பி வருவதற்குள் அக்கா அதில் ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டியிருப்பாள், இல்லை தண்ணீரைக் கூட்டியிருப்பாள். அந்தப் பெண் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்புவாள்.

நான் கீழ் வீட்டில் இருக்கிறேன். பேன்ட் காலைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைத் தளர்த்துவது என்று என் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும். "உன் மருமக என்ன வாயில்லாப் பூச்சியா? ஒரு நாளைக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கப் போற" என்று அக்காவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். "நான் என்னடி பண்ணேன்? ருசி குறைவா இருந்துச்சு, சரி பண்ணேன்" என்பாள். அவள் மனசில் கெடுதல் கிடையாது. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவர்களோடு சண்டையாவது போடலாம்.

சமையலறை தனதாகாது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மருமகள் அந்தத் தொட்டியை வாங்கினாள். அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்குக் கண் இருக்கிறது. கூடத்து மூலையில் கண்ணாடித் தொட்டி, உள்ளே கடல் தண்ணீர், பாறை, பாறைமேல் ஊதா நிறத்தில் படர்ந்த பவளம், இரண்டு ஆரஞ்சுக் கோமாளி மீன்கள், நடுவில் ஒரு கடல் சாமந்தி. பூ மாதிரி இருக்கும், ஆனால் பூவில்லை, பிராணி. வெண்ணெய் நிறத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டு தண்ணீர் அசைவில் ஆடும். மீன்கள் அந்த விரல்களுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். மருமகள் வேலை முடிந்து வந்தால் பையைக் கூட இறக்காமல் அதன் முன்னால்தான் போய் நிற்பாள். கப்பலிலிருந்து மகன் பேசினாலும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. மோட்டார் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பாள். வீட்டுக்குள்ளே மீன் மார்க்கெட் வாசனை என்பாள். "சாப்பிடவும் முடியாது, கொஞ்சவும் முடியாது, இதுக்கு இவ்வளவு உபசாரம்" என்பாள். மருமகள் காது கேட்கவே சொல்வாள். அதே சமயம் யாரும் இல்லாதபோது அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் முட்டி வலி என்பாள்.

வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தனி வீடு பார்க்கலாமா என்று மருமகள் ஒருமுறை மகனிடம் கேட்டிருந்தாள். அது அக்காவின் காதுக்கு வந்தது. அன்றைக்கு மேலே இருந்து இறங்கி வந்து என் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணி வெட்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி மடித்தாள். "போயிடுவாளாடி?" என்று கேட்டாள். அப்புறம் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அக்காவின் பயம் மட்டும் அடங்கவில்லை.

இப்படி இருக்கும்போது மருமகளின் அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். வேறு ஊர். மருமகள் அவசரமாகக் கிளம்பினாள். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, அக்காவைத் தொட்டியிடம் கூட்டிப்போய்ச் சொன்னாள். நானும் இருந்தேன்.

"அத்தை, தண்ணி தினமும் கொஞ்சம் குறையும். கண்ணாடியில டேப் ஒட்டியிருக்கேன் பாருங்க, அது வரைக்கும் ஊத்தணும். வெள்ளைக் கேன்ல இருக்கிற சாதாத் தண்ணி மட்டும். நீலக் கேன் உப்புத் தண்ணியைத் தொடாதீங்க, அது நான் வந்து தொட்டித் தண்ணி மாத்துறதுக்கு. மீனுக்கு ரெண்டு சிட்டிகை தீனி. வேற ஒண்ணுமே செய்ய வேண்டாம்."

"சரிம்மா, நீ அம்மாவைப் பாரு. இதெல்லாம் ஒரு வேலையா?" என்றாள் அக்கா.

வண்டி தெருமுனை திரும்பியிருக்காது. அக்கா வெள்ளைக் கேனைத் தூக்கிப் பார்த்தாள், கீழே வைத்தாள். "கடல்ல பொறந்த ஜீவனுக்குச் சப்புன்னு பச்சைத் தண்ணியா? பாவம், சின்னப் பொண்ணு, அவசரத்துல மாத்திச் சொல்லிட்டுப் போறா" என்றாள். அவள் மாற்றிச் சொல்லவில்லை என்று அக்காவுக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் நீலக் கேனைச் சாய்த்து ஊற்றியாயிற்று.

தினமும் அப்படித்தான். நீலக் கேன் காலியானது. அதற்கென்று இருக்கும் உப்பு மூட்டை அலமாரிக்கு அடியில் இருந்தது. அக்கா வாளியில் தண்ணீர் பிடித்தாள், மூட்டைக்குள் கையை விட்டாள், வீசினாள். கலக்கிய விதத்தைப் பார்க்க வேண்டும்! ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு உற்சாகம் முகத்தில். பாட்டுக்கூட முணுமுணுத்தாள். எனக்கும் அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

முதலில், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் குட்டி நத்தைகள் விழுந்தன. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கடல் சாமந்தியின் விரல்கள் குட்டையாயின. வெண்ணெய் நிறம் வெளுத்துச் சுண்ணாம்பாயிற்று. மீன்கள் அதற்குள் போகாமல் மோட்டார் பக்கம் ஒண்டிக்கொண்டு நின்றன. அக்கா, பசி என்று நினைத்தாள். யாருக்கு என்ன வந்தாலும் அவளுக்கு முதலில் பசிதான் தோன்றும். இறாலை நைசாக நறுக்கி, இடுக்கியில் பிடித்து அதன் வாயில் வைத்தாள். அது மென்மையாக வாங்கிக்கொண்டது, சற்று நேரம் வைத்திருந்தது, பிறகு கொழகொழவென்று துப்பிவிட்டது. அக்கா மறுபடி வைத்தாள். மறுபடி துப்பியது.

"உப்பு பத்தலைடி அதுக்கு" என்று சொல்லி இன்னொரு பிடி போட்டாள்.

மருமகள் தினமும் சாயங்காலம் பேசுவாள். அம்மாவுக்கு இன்னும் மூச்சுக் குழாய் எடுக்கவில்லை என்பாள், இன்றைக்குக் கண் திறந்தார்கள் என்பாள். கடைசியில், "சாமந்தி எப்படி இருக்கு அத்தை?" என்பாள். "அதுக்கென்ன, ராணி மாதிரி இருக்கு" என்பாள் அக்கா. முதல் நாள் அது உண்மை. பிறகு பழக்கமாகிவிட்டது. அது சுருங்கச் சுருங்க அக்காவின் குரல் கணீரென்று ஆயிற்று. ஒருநாள், "ஒரு போட்டோ அனுப்புங்களேன், பாக்கணும்போல இருக்கு" என்றாள் மருமகள். அக்கா போனைக் குடைந்து, எப்போதோ மகன் எடுத்து வைத்திருந்த பழைய படம் ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பினாள். அதில் சாமந்தி நன்றாக விரிந்து, மீன்கள் உள்ளே படுத்திருந்தன. "அழகா இருக்கு அத்தை, தேங்க்ஸ்" என்று பதில் வந்தது.

அக்கா போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவ அம்மா அந்த நெலமைல கெடக்குறாங்க. இதை வேற சொல்லி..." என்று இழுத்தாள்.

"பூசி மெழுகாத. அவளுக்காகச் சொல்லலை, உனக்காகத்தான் சொல்லலை" என்றேன். என் வாய் அப்படி. எதிர்த்துப் பேசாத அக்காவை எனக்குப் பழக்கமில்லை, பயமாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் சாமந்தி பாறையை விட்டுவிட்டது. அடிப்பாகம் கழன்று, தண்ணீரில் உருண்டு, மோட்டார் உறிஞ்சும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா மேலே இருந்து போட்ட சத்தத்தில் நான் ஊசியை விரலில் குத்திக்கொண்டு ஓடினேன். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்தான் மோட்டார் சுவிட்சை அணைத்தேன். அவள் சமையலறைக்குப் போய், காய் வடிகட்டும் பிளாஸ்டிக் கூடையை எடுத்துவந்து, முழங்கை வரை தண்ணீரில் விட்டு அதைக் கூடைக்குள் சேர்த்து, தொட்டியின் ஓரத்தில் நிறுத்தினாள். கையில் எடுத்தபோது அது கோழி முட்டை அளவுதான் இருந்தது. முன்பு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து கிடந்தது.

"கெளம்பு. தொட்டிக்கடைக்குப் போலாம்" என்றேன்.

"போய் என்னன்னு சொல்றது?"

"உண்மையைச் சொல்றது. அதுக்கு வாய் வராதா?"

ஒரு ஜாடியில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனோம். மருமகள் எல்லாம் வாங்கும் கடை அது. தொட்டிக்கடைக்காரர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். ஒரு சொட்டுத் தண்ணீரைச் சின்னக் குழாய் மாதிரி இருந்த கருவிமேல் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அம்மா, இதுல மீன் வளக்கறீங்களா, கருவாடு போடுறீங்களா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"தண்ணி குறைஞ்சா என்ன ஊத்துனீங்க?"

"உப்புத் தண்ணிதாங்க. கடல் ஜீவனாச்சே..."

"ஐயோ அம்மா! காத்துல போறது தண்ணி மட்டும்தான். உப்பு தொட்டிலேயேதானே இருக்கும்? அதுக்கு மேல உப்பா ஊத்திக்கிட்டே போனா என்ன ஆகும்?"

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அந்த மனிதர் அவள் யார் என்று அறியமாட்டார். கேன்டீனில் சூப் அண்டா அடுப்பிலேயே கிடந்து சுண்டிவிட்டால், புதிதாக வந்த பெண்கள் உப்பு டப்பாவைத் தேடிப் போவார்கள். அக்கா கரண்டியால் அவர்கள் கையைத் தட்டுவாள். "சுண்டினா உப்பு கூடும்டி கழுதை, பச்சைத் தண்ணி ஊத்து!" என்று அவள் கத்துவது வாசல் காவலாளிக்குக் கேட்கும். இதை அவளுக்கு இன்னொருவர் சொல்லித் தரவேண்டி வந்தது. சொன்னவரிடம் "தெரியுங்க" என்றாள். "எனக்குத் தெரியும். இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம்." கடைக்காரர் சங்கடப்பட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அவர் சொன்ன வைத்தியம் சுலபம், பொறுமைதான் கஷ்டம். தினமும் ஒரு சொம்பு உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு, ஒரு சொம்பு சாதாத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் அதிர்ச்சியிலேயே செத்துவிடும். தீனி எதுவும் கூடாது. இன்னொன்றும் சொன்னார்.

"காலைல கைல எடுத்து மோந்து பாருங்க. அழுகின வாடை வந்தா அந்த நிமிஷமே வெளிய தூக்கிப் போட்டுருங்க. பாவம் பாத்து வச்சிருந்தீங்கன்னா தொட்டி மொத்தமும் விஷமாயிடும், மீனும் மிஞ்சாது."

உப்பு பார்க்கும் கருவி ஒன்றையும் கொடுத்து, எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தராசுமேல் கரண்டியைக் கவிழ்த்தவள்!

அதற்குப் பிறகு அக்கா மேல் வீட்டில் இருந்தாளே தவிர வாழ்ந்தாள் என்று சொல்ல முடியாது. மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டுத் தண்ணீர் சொட்டும்படி கட்டி வைத்து, அதற்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். நான் சாப்பாடு கொண்டுபோனால் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளுவாள். விடிந்ததும் கூடைக்குள் கையை விட்டு அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோவாள். "கடல் வாசனைதான் வருது" என்பாள். அதன் வாய் பிளந்து, உள்ளே இருப்பது வெளியே தள்ளிக்கொண்டு, பார்க்கவே சகிக்காது. ஒருநாள் நான், "போதும்க்கா, அது போச்சு. மீனையாவது காப்பாத்து" என்றேன். அவள் அதை மறுபடி மோந்தாள். "சமையக்காரி மூக்குடி இது. கெட்டதுன்னா எனக்குத் தெரியாதா? உயிர் இருக்கு" என்று சொல்லித் திரும்பத் தண்ணீரில் விட்டாள்.

ஒரு மத்தியானம் திடீரென்று கேட்டாள்.

"ஏண்டி, நான் இதை வெறுத்தேன்ல?"

"எதை?"

"இந்தத் தொட்டியை. எத்தனை பேச்சு பேசினேன். மனசு ஒரு மூலைல செத்துப் போகட்டும்னு நெனச்சுத்தான் கை அந்த நீலக் கேனுக்குப் போச்சோ?"

"லூசு மாதிரி பேசாத. பாட்டுப் பாடிக்கிட்டே உப்பு கலக்குனவ நீ. கொல்றவ பாட்டா பாடுவா?"

"அவ அப்படி நெனைப்பாள்ல?"

நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். மாமியார் வாயால் பேசிப் பார்த்தாள், நடக்கவில்லை, நான் ஊருக்குப் போன நேரம் பார்த்துக் கதையை முடித்துவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன். மருமகள் தெருவுக்குச் சொல்ல மாட்டாள். பெட்டியைக் கட்டுவாள். அக்காவுக்கும் அது தெரியும். அதனால்தான் அந்த வெளுத்த சதைத் துண்டை விட்டு அவள் கண் அகலவில்லை.

சாயங்கால போன்கள் மட்டும் நிற்கவில்லை. "ராணி மாதிரி" என்று சொல்ல இப்போது நாக்கு எழவில்லை. "இருக்கும்மா, இருக்கு" என்று மென்று முழுங்கினாள். மருமகளும் அதற்குமேல் கேட்கவில்லை.

மருமகள் அம்மாவைத் தேற்றி வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அக்கா என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் தோள்பையை இறக்காமல் வழக்கம்போல் நேராகத் தொட்டியிடம் போனாள். கூடைக்குள் சுருண்டு கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, அவளுமே பாதி ஆகியிருந்தாள்.

அக்காவுக்கு முன்கூட்டியே நான் ஒரு வழி சொல்லி வைத்திருந்தேன். எந்தக் கேன் என்று மறந்துவிட்டது, வயசாகிவிட்டது என்று சொல்லிவிடு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று. நல்ல வழிதான். அக்கா வாயைத் திறந்தாள்.

"நீ சொன்னது எனக்கு மறக்கலைம்மா. வெள்ளைக் கேன்னு சொன்னது அப்படியே ஞாபகம் இருந்துச்சு. உனக்கு என்ன தெரியும்னு நெனச்சுத்தான் நீலக் கேனை எடுத்தேன். அப்புறம் நானே உப்பு கலக்கினேன். உங்கிட்ட தினமும் பொய் சொன்னேன். அந்தப் போட்டோவும் பழசு."

நான் அக்காவைக் கிள்ளினேன். அவளுக்கு உறைக்கவே இல்லை.

"போட்டோ பழசுன்னு தெரியும் அத்தை" என்றாள் மருமகள், திரும்பாமலே. "அது அப்போ இடது பக்கக் கல்லுல இருந்துச்சு. இது தன்னால எடம் மாறும். நான் கெளம்பும்போது வலது பக்கம் வந்திருந்துச்சு."

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும். ஆஸ்பத்திரில உக்காந்துக்கிட்டு அதையும் கேக்க எனக்குத் தெம்பு இல்லை."

மருமகள் அப்போதுதான் திரும்பினாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க கெட்டது நெனைக்கலை, அது எனக்குத் தெரியும். ஆனா இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு நாளாவது, ஒரே ஒரு விஷயமாவது, நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்கீங்களா அத்தை?"

அக்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். எனக்கு அந்த இடத்தில் நூறு பதில் தோன்றின. காய்ச்சலில் நீ கிடந்தபோது கஞ்சி வைத்தது யார், உன் யூனிபார்மை இஸ்திரி போட்டது யார் என்றெல்லாம். அக்கா ஒன்றையும் எடுக்கவில்லை.

"இல்லைம்மா" என்றாள்.

மருமகள் பையைக் கீழே வைத்தாள். "தனியா ஒரு வீடு பாத்திருக்கோம். அவர்கிட்ட போன்ல பேசிட்டேன், அவரும் சரின்னுட்டார். கட்டடம் இன்னும் முடியலை. முடிஞ்சதும் போயிடலாம்னு இருக்கோம்" என்றாள். அக்கா தலையை ஆட்டினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தொட்டிக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து பார்த்தார். "இப்போ தொட்டியைப் பிரிச்சு வேற எடத்துக்குக் கொண்டுபோனா இது தாங்காது. வாய் இறுக மூடணும், நல்லா விரியணும், மீன் பழையபடி உள்ள போய்ப் படுக்கணும். அதுவரைக்கும் அசைக்காதீங்க" என்றார். மருமகள் புது வீட்டு ஓனருக்கு போன் போட்டுக் கொஞ்ச காலம் பொறுக்கச் சொன்னாள்.

அதாவது, அது தேறினால் இவர்கள் போய்விடுவார்கள். இதை நான் அக்காவுக்கு எடுத்துச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அக்கா அதைத் தேற்றினாள். மருமகள் காலையில் கிளம்பும்போது என்ன சொல்கிறாளோ அதை மட்டும், அந்த அளவுக்கு மட்டும் செய்தாள். இறால் ஒரு அரிசி அளவு என்றால் அரிசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து நறுக்கினாள். இன்றைக்குத் தீனி வேண்டாம் என்றால், அது பசியில் வாயைத் திறக்கிறது என்று அவள் மனசு அடித்துக்கொண்டாலும், கையைப் புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் மருமகள் வைத்துவிட்டுப் போவதையும் மூடி திறந்து பார்ப்பதில்லை. சில நாள் உப்புக் குறைவாக இருக்கும். அப்படியே சாப்பிட்டாள். நான் முகம் சுளித்தால், "சாப்பிடுடி, பேசாம" என்று அதட்டினாள்.

முட்டை அளவிலிருந்து அது எலுமிச்சை ஆகி, ஆரஞ்சு ஆகி, ஒருநாள் கூடையை விட்டு நகர்ந்து தானாகவே பாறை இடுக்கில் காலூன்றிக்கொண்டது. வெளுப்புக்கு நடுவே மெல்ல மெல்லப் பழைய வெண்ணெய் நிறம் ஏறியது. மீன்கள் மட்டும் கிட்டே வந்து தொட்டுவிட்டு ஓடின. உள்ளே போகவில்லை. கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்தாயிற்று என்று ஓனரிடமிருந்து தகவல் வந்தது.

பிறகு ஒரு பகல். நான் கோட் ஒன்றின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா மாடிப்படியிலிருந்து கூப்பிட்டாள். போனேன். கூடத்தில் நல்ல வெளிச்சம். சாமந்தி தட்டு மாதிரி விரிந்திருந்தது, வாய் இறுக மூடியிருந்தது, விரல்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின. அதற்கு நடுவில் பெரிய கோமாளி மீன் புகுந்து, உடம்பைத் தேய்த்துத் தேய்த்துப் படுத்தது. சின்னது பின்னாலேயே போயிற்று.

அக்கா தன் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, இப்போ எதுவும் சொல்லாத. அவ வர்ற நேரத்துக்குத் தொட்டி விளக்கை அணைச்சா இது தன்னாலே சுருங்கிடும். மீன் இன்னும் போகலைன்னு சொல்லு. ரெண்டு மாசம் தள்ளிப் போகும். ரெண்டு மாசத்துல எது எப்படி மாறும்னு யாருக்குத் தெரியும்?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. யோசிப்பது மாதிரிதான் இருந்தது. ஒரு நிமிஷம் அவள் கண் விளக்கு சுவிட்சுக்குப் போய் வந்ததை நான் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு போனை எடுத்து, கண்ணிலிருந்து எட்டப் பிடித்து நம்பரைத் தேடினாள்.

"ஏம்மா, வேலையா இருக்கியா? ஒண்ணுமில்லை, பயப்படாத. மீன் உள்ள போயிடுச்சும்மா. ஆமா, ரெண்டுமே. இப்பதான். நல்லா விரிஞ்சிருக்கு, வாய் மூடியிருக்கு." அந்தப் பக்கம் மருமகள் ஏதோ கேட்டாள். "நிஜமாத்தாம்மா. சாயந்திரம் வந்து நீயே பாரு."

பல் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போன் வழியாக எனக்கே கேட்டது. அக்கா காத்திருந்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"அப்போ அந்த வீட்டு ஓனர்கிட்ட சொல்லிடும்மா."